அட்டையின் பிடி

நொதிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் எந்தக் கட்டுரையிலும் இரண்டாவது பத்திக்குள் ஒரு பூட்டு வந்துவிடும். அடுத்த வரியில் சாவி. நொதி ஒரு பூட்டு, அது வேலை செய்யும் மூலக்கூறு சாவி, மருந்து ஒரு கள்ளச்சாவி. கள்ளச்சாவி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், நிஜச் சாவிக்கு இடமிருக்காது, நோய் குணம். பள்ளிக்கூடத்தில் இதைத்தான் படித்தோம். யூடியூப் விளக்கங்களில் இதைத்தான் பார்க்கிறோம். செயற்கை நுண்ணறிவு புதிய மருந்துகளைக் கண்டுபிடிக்கப் போகிறது என்ற செய்திகளிலும் அதே பூட்டுதான்: பூட்டின் படம் கைக்கு வந்துவிட்டது, இனி சாவி வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு கவிதையில் உவமை வந்தால் சும்மா விடுவோமா? எதைக் காட்டுது, எதை மறைக்குது, பழசாகித் தேய்ந்துபோச்சா என்றெல்லாம் கேட்போம். அறிவியலில் வரும் உவமையை மட்டும் தகவல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரே ஒரு உவமையின் மீதான விமர்சனம். அதைச் சோதித்துப் பார்க்க மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு உயிரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். அட்டை.

1

பூட்டு-சாவி உவமைக்குச் சொந்தக்காரர் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். வருடம் 1894. சர்க்கரைச் சேர்மங்களில் ஒரு வகையைச் சிதைக்கும் நொதி, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இன்னொரு வகையைத் தொடுவதில்லை என்று அவர் கவனித்தார். அணுக்கள் அதே அணுக்கள். அடுக்கியிருக்கும் திசை மட்டும் வேறு. அப்படியென்றால் நொதிக்கு வடிவம் தெரிகிறது. பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று எழுதினார்.

அந்த நேரத்தில் அது அசாத்தியமான உவமை. காரணம், அப்போது ஒரு நொதியின் வடிவத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. நொதி என்பது புரதமா என்பதே தீர்மானமாகவில்லை. எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் முதல் நொதியின் முப்பரிமாண அமைப்பு தெரியவந்தது 1965-இல், லைசோசைம். அதாவது, பொருளைப் பார்ப்பதற்கு எழுபது வருடம் முன்பே உவமை வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த இடைவெளியிலேயே, 1958-இல், டேனியல் காஷ்லாண்ட் என்பவர், நொதி விறைப்பான பூட்டு இல்லை, தொடும் மூலக்கூறுக்கு ஏற்ப அதுவும் வளைந்துகொடுக்கிறது என்று வாதிட்டார். கையை நுழைத்தால் உருவம் கொள்ளும் கையுறையைப் போல. அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக இடம்பிடித்தது. பூட்டு அட்டைப்படத்திலேயே நின்றது.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் என்சைமுக்கு வைத்திருக்கும் சொல் நொதி. நொதித்தல் என்றால் புளிப்பது, பொங்குவது. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் குண்டானைத் தாண்டி நிற்கிறதே, அந்த வேலை. சொல்லுக்குள்ளேயே நேரமும் அசைவும் இருக்கு. அப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரும்புப் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

2

அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மணிமுத்தாறு வழியாக மேலே ஏறும் பஸ் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போகும். தமிழ்நாட்டிலேயே மழை மிக அதிகமாகக் கொட்டும் ஊர்கள் இந்த வரிசையில் இருக்கின்றன. மழை இருந்தால் அட்டை இருக்கும். ஓடையில் கிடக்கும் அட்டை இல்லை, காட்டட்டை. இலை நுனியில் நின்று ஆடிக்கொண்டிருக்கும், நாம் போகிற காற்று பட்டதும் தொற்றிக்கொள்ளும். கடித்தது தெரியாது. வேட்டியிலோ சாக்ஸிலோ ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். அட்டை போன பிறகும் ரத்தம் நிற்காது, வடிந்துகொண்டே இருக்கும்.

சரி, அட்டை என்ன செய்யுது?

நம் ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டத்தில் திராம்பின் என்று ஒரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் கரைந்து திரியும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை அது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. வலையில் செல்கள் சிக்கிக் காயம் அடைபடுகிறது. அட்டைக்கு இது சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. அதனால் எச்சிலில் திராம்பினை நிறுத்தும் ஒரு பொருளை வைத்திருக்கிறது. 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட், அட்டையின் சுரப்பு ரத்தத்தை உறையவிடுவதில்லை என்று காட்டினார். ஐரோப்பிய மருத்துவ அட்டையில் இருக்கும் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஹிருடின் என்று பெயர் வந்தது. 65 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று. ஹிருடின் என்ற பெயர் இல்லாமலேயே அதன் வேலையைப் பயன்படுத்தியவர்கள் நம் பக்கமும் உண்டு.

ஹிருடின் திராம்பினைப் பிடித்திருக்கும் நிலையில் அதன் படிக அமைப்பு 1990-இல் வெளியானது. திராம்பினைப் பூட்டு என்று வைத்துக்கொண்டால் ஹிருடின் அதற்குக் கச்சிதமான கள்ளச்சாவியாக இருக்க வேண்டும். இயற்கையிலேயே மிக இறுக்கமாகப் பிடிக்கும் தடுப்பான்களில் அது ஒன்று. ஆனால் படத்தில் தெரிந்தது வேறு.

முதலாவது, திராம்பினின் வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. ஃபைப்ரினோஜெனின் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வந்து உட்காரும் குழி அது. சாவித்துவாரம் என்று எதையாவது சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஹிருடினின் தலைப்பகுதி வெட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. குழிக்குள் ஆர்ஜினின் எதையும் நீட்டவில்லை. அதோடு, வழக்கமாக வெட்டுப்பட வரும் சங்கிலி எந்தத் திசையில் படுக்குமோ அதற்கு எதிர்த்திசையில் படுத்திருக்கிறது. சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. வாசலில் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுத்து வழியை மறிக்கிறது.

இரண்டாவது, ஹிருடினுக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அது திராம்பினின் உடம்பைச் சுற்றிக்கொண்டு போய், ஃபைப்ரினோஜெனை அடையாளம் காணும் இன்னொரு மேட்டைப் பற்றிக்கொள்கிறது. தலை ஓரிடம், வால் ஓரிடம். அட்டைக்கும் இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு என்பது இங்கே ஞாபகம் வந்தால் தப்பில்லை. அதிலிருந்து தத்துவம் எதுவும் எடுக்க வேண்டாம், தற்செயல்தான்.

மூன்றாவதுதான் உவமையை உடைக்கிறது. தனியாக நீரில் இருக்கும்போது ஹிருடினின் வாலுக்கு நிலையான வடிவமே இல்லை. என்.எம்.ஆர். ஆய்வுகளில் அது அலைந்துகொண்டே இருப்பது தெரிந்தது. திராம்பினைத் தொட்ட பிறகுதான் உருவம் கொள்கிறது. பூட்டைத் தொடும்வரை வடிவமே இல்லாத சாவியை என்னவென்று சொல்வது?

3

இன்னொரு அட்டைக்கு வருவோம். 1993-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, ஹேமாடிப்சா சில்வெஸ்ட்ரிஸ் என்ற நில அட்டையிலிருந்து ஹேமாடின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்ததைச் சொல்கிறது. தலைப்பிலேயே 'இந்திய அட்டை' என்று குறிப்பிடுகிறார்கள். மாஞ்சோலையில் நம் காலில் ஏறுவதும் இந்தக் காட்டட்டைக் குடும்பம்தான். 57 அமினோ அமிலங்கள். வேலை அதே வேலை, திராம்பினை நிறுத்துவது. 2000-இல் இது திராம்பினோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பு வெளியானது.

தலைப்பகுதி ஹிருடின் செய்வதையே செய்கிறது, வெட்டும் இடத்தை எதிர்த்திசையில் மறிக்கிறது. ஆனால் வால் வேறு பக்கம் போகிறது. ஃபைப்ரினோஜெனைப் பற்றும் மேட்டை விட்டுவிட்டு, ஹெப்பாரின் என்ற பொருள் வந்து ஒட்டும் மேட்டைப் பிடிக்கிறது. ஐரோப்பியக் குளத்து அட்டைக்கு ஒரு பிடி, நம் காட்டு அட்டைக்கு வேறு பிடி. பிடிபடுவது ஒரே நொதி.

இதனால் என்ன வித்தியாசம்? திராம்பினுக்கு இரண்டு முகம் உண்டு. தனியாக இருக்கும்போது ரத்தத்தை உறைய வைக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் திராம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்துவிட்டால் உறைதலுக்கு எதிராக வேலை பார்க்கும். கட்சி மாறிவிடும். அப்படிச் சேரும்போது ஃபைப்ரினோஜென் மேடு மறைந்துவிடுகிறது. ஹிருடினின் வாலுக்கு அங்கே இடமில்லை. ஹேமாடினின் வாலுக்கு இடமிருக்கிறது. எதைப் பிடிக்கிறோம் என்பதோடு எங்கே பிடிக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது. பூட்டு என்ற சொல்லுக்குள் துவாரம் ஒன்றுதான். 'எங்கே' என்ற கேள்வியே அங்கே எழாது.

அமைப்பைப் பார்ப்பதால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை, நேர்மாறாகச் சொல்கிறேன். அமைப்பைப் பார்த்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. இப்படிப் பார்ப்பதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டுகிறது. இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பு வெளியானால் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். கவனியுங்கள், அது ஒரே ஒரு வடிவத்தைச் சொல்லும் படம் கிடையாது. அனுமதிக்கப்பட்ட அசைவுகளின் நிலப்படம். பூட்டு உவமையை விட அது நொதிக்கு நெருக்கமானது.

4

இப்போது மருந்துக்கு வருவோம். உவமை தப்பாக இருந்தால் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். மருந்தில்தான் விலை தெரியும்.

பூட்டு-சாவி உவமையின்படி எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு நல்ல மருந்து. ஹிருடினையே மருந்தாக்கினார்கள். மரபணுத் தொழில்நுட்பத்தால் ஈஸ்டில் தயாரித்த லெபிருடின் 1990-களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. பிடி அபாரம். ஆனால் ரத்தக்கசிவு தொடங்கிவிட்டால் பிடியை விடுவிக்க மாற்று மருந்து கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றும்வரை காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதான நோயாளியாக இருந்தால்?

அதே 1990-இல் இன்னொரு குழு ஹிருடினின் தத்துவத்தை எடுத்து, சின்னதாக ஒன்றைச் செயற்கையாகக் கட்டியது. வெட்டும் இடத்துக்கு ஒரு துண்டு, ஃபைப்ரினோஜென் மேட்டுக்கு ஹிருடினின் வால், இரண்டையும் இணைக்க நடுவில் நான்கு கிளைசின்கள். மிகச்சிறிய, எப்படியும் வளையும் அமினோ அமிலம் கிளைசின், கயிறு மாதிரி. மொத்தம் 20 அமினோ அமிலங்கள். பின்னால் பைவாலிருடின் என்ற பெயரில் 2000-இல் அமெரிக்க அனுமதி பெற்றது, ஆஞ்சியோபிளாஸ்டி நேரத்தில் கொடுக்கிறார்கள். இதில் தலைத்துண்டு நிஜமாகவே திராம்பினின் குழிக்குள் ஆர்ஜினினை நீட்டுகிறது. அதனால் திராம்பின் அதை மெதுவாக வெட்டிவிடுகிறது! தன்னைப் பிடித்த கையைத் தானே வெட்டி விடுவித்துக்கொள்கிறது. சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 25 நிமிடம் போதும். குறை என்று தோன்றுகிற இதுதான் அதன் பெரிய வசதி. சிகிச்சை முடிந்து சொட்டு நிறுத்தினால் ரத்தம் சீக்கிரமே தன் இயல்புக்குத் திரும்பும்.

அமைப்பை முன்னால் வைத்துக்கொண்டே வடிவமைத்த மருந்துக்குச் சரியான உதாரணம் டாபிகாட்ரன். நாபாப் என்ற பழைய தடுப்பான் திராம்பினில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற படிகப் படத்திலிருந்து தொடங்கி, நடுப்பகுதியை மாற்றி, குழிக்குள் எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். பூட்டுக்காரர்கள் பெருமைப்படக்கூடிய வேலை. நானும் அதை மெச்சுகிறேன். ஆனால் அப்படிச் செதுக்கிய மூலக்கூறை வாயில் போட்டால் குடல் உறிஞ்சாது. மின்னூட்டம் அதிகம், செல் சவ்வைத் தாண்டாது. அதனால் இரண்டு பக்கமும் வேதியியல் முகமூடி மாட்டினார்கள். உள்ளே போனதும் உடம்பின் வேறு நொதிகள் முகமூடியைக் கழற்றிவிடும். அமிலம் இருந்தால்தான் கரையும் என்பதால் மாத்திரைக்குள் டார்டாரிக் அமில மணிகளை வைத்தார்கள். நம் ஊர்ப் புளியில் இருக்கும் அதே அமிலம். 2010-இல் அமெரிக்காவில் பக்கவாதத் தடுப்புக்கு அனுமதி கிடைத்தது. அவசர அறுவைச் சிகிச்சை என்று வந்தால் பிடியை விடுவிக்க என்ன செய்வது? 2015-இல் அதற்கென்று ஒரு ஆன்டிபாடி வந்தது. திராம்பினை விட ஏறக்குறைய 350 மடங்கு இறுக்கமாக டாபிகாட்ரனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

மூன்று மருந்துகளின் கதையையும் சேர்த்துப் பாருங்கள். பொருந்துவது முதல் படிதான். போய்ச் சேர்வது, எவ்வளவு நேரம் நிற்பது, தேவைப்படும்போது விடுவது எல்லாமே மருந்தின் பாகம். பூட்டுக்குள் சாவி நிற்கும் அந்த ஒரு கணத்தை மட்டும் காட்டுகிற உவமை, நோயாளி உயிரோடிருக்கும் மற்ற நேரங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறது.

5

அட்டையை நம் இலக்கியம் எப்படிப் பார்த்தது? இங்கேயும் ஒரு தேய்ந்த உவமை இருக்கிறது. அட்டை என்றால் சுரண்டல். அட்டை மாதிரி ரத்தத்தை உறிஞ்சுறான் என்பது பேச்சிலேயே உண்டு. தேயிலைத் தோட்டம் பற்றி ஒரு கவிதை எழுத வேண்டுமென்றால் அட்டையைக் கங்காணியாகவோ கம்பெனியாகவோ ஆக்கிவிடுவது சுலபம். மேடைக்கும் பொருத்தம்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றித் தமிழில் பரவலாகப் படிக்கப்பட்ட நாவல் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆசை காட்டிக் கூட்டிப்போகப்படும் கருப்பனும் வள்ளியும் அதன் மையம். அந்த நாவல் இன்றும் நிற்பதற்குக் காரணம் உவமைகள் இல்லை என்பது என் வாசிப்பு. ஒரு மருத்துவரின் கண் அதில் இருக்கிறது. முன்பணக் கடன் எப்படி ஏறுகிறது, நோய் லயத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்று நடைமுறையை விடாமல் பின்தொடர்கிறது. சுரண்டலுக்கு ஒரு பிராணியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

ஏன் அந்த உவமை போதாது என்பதற்கு மாஞ்சோலையே சாட்சி. ஊத்துப் பக்கம் காலில் அட்டையைப் பிய்க்கப்போன என்னைக் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா தடுத்தார். "எய்யா, இழுக்காத. வயிறு நெறஞ்சா அதுவே விழுந்துரும்." அட்டைக்கு வயிறு உண்டு, அது நிறையும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எடுத்த குத்தகை 8,373 ஏக்கர், 99 வருடம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது அட்டைக்கு அநியாயம், குத்தகைக்குச் சலுகை.

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்துப்போனார்கள். குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், நிறுவனம் தோட்டத்தை மூடும் முடிவுக்கு வந்து விருப்ப ஓய்வுத் திட்டத்தை நீட்டியது. பல தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வீட்டைக் காலி பண்ண வேண்டிய நிலை. பிடித்திருந்த காலத்தில் ஒரு வகைச் சேதம், விட்ட விதத்தில் இன்னொரு வகைச் சேதம். உறிஞ்சுதல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் முதலாவது மட்டும்தான் அடங்குகிறது. இரண்டாவதைப் பேச நமக்கு உவமை தயாராக இல்லை. அதனால்தான் அது செய்தியாக வந்து செய்தியாகவே போகிறது.

6

பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் கடைசியாக ஒன்று. படிக அமைப்பு என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை நிறுத்தி எடுத்த மெமரி டம்ப் மாதிரி. அந்த நொடியில் எது எங்கே இருந்தது என்று துல்லியமாகச் சொல்லும். அதற்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். ஆல்ஃபாஃபோல்டு 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்து வைத்திருக்கிறது. 2024 வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி அதை உருவாக்கிய இருவருக்குப் போனது. பெரிய சாதனை. ஆனால் 20 கோடிப் பூட்டுகளின் படம் இருக்கு, இனி மருந்து மழைதான் என்று யாராவது எழுதினால், ஹிருடினின் வாலைக் கேளுங்கள். எதையும் தொடாதபோது வடிவமே இல்லாத பகுதிக்கு எந்தப் படத்தை வைப்பீர்கள்?

பூட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? நான் முன்வைப்பது பிடி என்ற நம்முடைய சாதாரணச் சொல். பிடியில் இடம் இருக்கிறது, இறுக்கம் இருக்கிறது, நேரம் இருக்கிறது; விடுவதும் இருக்கிறது. புதிய மருந்து ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது கேட்க வேண்டியவை எங்கே பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம், எப்போது எப்படி விடும் என்பவைதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். ஹேமாடின் இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆனால் பிடிக்க இன்னொரு இடமும் உண்டு என்பதை அதுதான் காட்டியது, ஈர இலை நுனியில் நின்று ஆடுகிற ஓர் அட்டையின் எச்சிலிலிருந்து.